பேலினாலஜி: மகரந்தவியலா, பூந்தாதியலா?

மகரந்தத்தையும், பெரணி போன்றவை பூவில்லாமலே பரவ உதிர்க்கும் வித்துத்துகள்களையும் (ஸ்போர்) ஆராயும் துறைக்குப் பேலினாலஜி என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டால் ஆங்கிலத்தில் மகரந்தத்தைக் குறிக்கும் 'பொலென்'தான் கொஞ்சம் திரிந்து இப்படி ஆகிவிட்டது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'பலூனோ' என்றால் தூவுகிறேன், மாவு தூவுவதுபோலத் தூவுகிறேன் என்று பொருள். 'பலே' என்றால் நுண்மாவு. லத்தீனில் 'பொலென்' என்பதும் முதலில் மாவையும் மெல்லிய தூளையும்தான் குறித்தது, பூவுக்கு அது பின்னால்தான் வந்தது. ஆக, இரண்டும் ஒன்றுவிட்ட உறவுகள், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை.

சொல் வந்தது 1944-இல். உண்டாக்கியவர்கள் வேல்ஸில் வேலை பார்த்த ஹைட், வில்லியம்ஸ் என்ற இருவர். அதுவரை இந்தத் துறையை 'மகரந்தப் பகுப்பாய்வு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குறை: பெரணி, பாசி, பூஞ்சை இவற்றின் வித்துத்துகள்களையும் அதே கண்ணாடித் தகட்டில், அதே ஆட்கள்தான் எண்ணுகிறார்கள், ஆனால் பெயரில் அவற்றுக்கு இடமில்லை. அதனால்தான் பூவைத் தொடாமல் 'தூவப்படுவது' என்ற கருத்தைப் பிடித்தார்கள். காதுக்கு 'பொலென்' போலவும் ஒலிக்க வேண்டும், அதுவாகவே இருந்துவிடவும் கூடாது என்பதும் அவர்கள் கணக்கு. கெட்டிக்காரத்தனமான சொல்லாக்கம் என்றுதான் சொல்வேன்.

வேலை அதைவிடப் பழையது. 1916-இல் லென்னார்ட் ஃபான் போஸ்ட் என்ற ஸ்வீடன் நிலவியலாளர், சதுப்பு நிலத்தில் ஆழம் ஆழமாக எடுத்த மண்ணில் எந்த மரத்தின் மகரந்தம் எத்தனை சதவீதம் என்று எண்ணி, அதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. ஓர் அடுக்கில் பைன் மிகுந்து, அதற்கு மேல் அடுக்கில் ஓக் ஏறினால், அங்கே காடே மாறியிருக்கிறது, அநேகமாகத் தட்பவெப்பமும் மாறியிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு காலம் ஒரு தூள் எப்படித் தாங்குகிறது? உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் தாங்குவதில்லை, பல செடிகளில் அது சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ செத்துவிடும். தாங்குவது வெளிச்சுவர். அது ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது, உயிரினங்கள் செய்யும் பொருள்களிலேயே மிகக் கெட்டியானவற்றில் ஒன்று. எவ்வளவு கெட்டி என்றால், மண்ணிலிருந்து மகரந்தத்தைப் பிரிக்க, மணலைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். அப்புறம் ஒன்பது பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு அடர் கந்தக அமிலமும் கலந்து சூடாக்குவார்கள். மற்றதெல்லாம் போய்விடும், சுவர் மட்டும் பொன்னிறமாக நிற்கும். இதற்கு எதிரி அமிலமல்ல, ஆக்சிஜன்தான். காற்றோட்டமான தோட்ட மண்ணில் மகரந்தம் சிதைந்துவிடும், ஏரிச் சேற்றில் லட்சக்கணக்கான ஆண்டுகள்கூட இருக்கும்.

அந்தச் சுவரில்தான் செடியின் அடையாளமும் இருக்கிறது. செம்பருத்தி மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்தால் சுற்றிலும் முள் குத்திய பந்து. பைனுக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை. புல்லுக்கு வழவழப்பான உருண்டையும் ஒரே ஒரு துளையும். அதனால் 'இது புல்' என்று உடனே சொல்லிவிடலாம், எந்தப் புல் என்று சொல்வதுதான் பெரும்பாடு.

சரி, தமிழுக்கு வருவோம். மகரந்தவியல், மகரந்தத்துகளியல் என இரண்டும் புழங்குகின்றன. 'மகரந்தம் வடசொல், தாது என்று நல்ல தமிழ் இருக்கிறதே' என்று சிலர் பூந்தாதியலைச் சொல்வார்கள். மகரந்தம் வடசொல் என்பது சரிதான், ஆனால் கதை அதோடு முடியவில்லை. வடமொழியில் மகரந்தம் என்றால் முதன்மையாகப் பூவிலுள்ள தேன், தூளுக்குப் பெயர் பராகம். இந்தியில் இன்றும் தூள் 'பராக்'தான். தமிழில்தான் மகரந்தம் தூளாக நிலைத்துவிட்டது. அந்தப் பொருளில் அது நம்முடைய சொல் ஆகிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தாது பழஞ்சொல், சங்கப் பாட்டிலேயே பூந்துகளைக் குறிக்கிறது. ஆனால் இன்று தாது என்றால் இரும்புத் தாதுதான் முதலில் நினைவுக்கு வரும். 'தாதியல்' என்றால் செவிலியர் படிப்போ என்று கேட்பார்கள். முன்னால் 'பூ' போட்டால் குழப்பம் தீரும், ஆனால் பைன் மரத்துக்குப் பூ ஏது? துகளியல் என்றால் இயற்பியல்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள். தூளியல் என்றால் குழந்தையைப் போட்டு ஆட்டும் தூளி. கொங்கு என்றும் ஒரு சொல் உண்டு, 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்ற குறுந்தொகை அடியில் வருவது. பூந்தாது என்றும் தேன் என்றும் பொருள் கொள்ளலாம். அழகான சொல், ஆனால் கொங்கியல் என்று வைத்தால் கோயம்புத்தூர்ப் பக்கத்து வரலாறு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதனால் என் வாக்கு மகரந்தவியலுக்கே. வித்துத்துகள்களும் இதில் அடக்கம் என்று முதல்முறை எழுதும்போது ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

கிளைத் துறைகளில் தேனிலுள்ள மகரந்தத்தை ஆராயும் மெலிசோபேலினாலஜிதான் சுவையானது. கிரேக்க 'மெலிசா' தேனீயைக் குறிப்பது, தேனுக்கு அங்கே 'மெலி'. ஆனால் சோதிக்கப்படுவது தேன் என்பதால் தமிழில் 'தேன் மகரந்தவியல்' என்பதே பொருந்தும். பத்து கிராம் தேனை வெந்நீரில் கரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, அடியில் தங்கும் சிட்டிகைப் படிவைத் தகட்டில் பரப்பி, சில நூறு துகள்களை இனம் பிரித்து எண்ணுவார்கள். ஒரே செடியின் மகரந்தம் 45 சதவீதத்தைத் தாண்டினால் ஒற்றைப்பூத் தேன் என்பது பொது வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு இதை நம்ப முடியாது. செஸ்ட்நட் மரம் மகரந்தத்தை அள்ளிக் கொட்டும், அதன் தேனுக்கு 90 சதவீதம்கூட எதிர்பார்ப்பார்கள். ஆரஞ்சுத் தேனுக்கு 10, 20 சதவீதமே போதும். தேனீயின் தேன்பையிலேயே ஒரு வடிகட்டி இருக்கிறது, பெரிய துகள்களை அது அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மிக நுண்ணிய வடிகட்டியில் அழுத்தி வடித்த தேனில் எண்ணுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. அது எந்த நாட்டுத் தேன் என்று தகட்டைப் பார்த்துச் சொல்ல மகரந்தவியலாளராலும் ஆகாது.