மூன்றாவது ஹெட்செட்டும் பழுதாகவில்லை

காதுக்குள் அரிப்பு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இருபது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரப் பயணம் செல்பவர். அரிப்புக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட்டில் பொருத்தியிருக்கும் புளூடூத் ஹெட்செட் சரியில்லை என்று பேச்சுவாக்கில் குறைப்பட்டுக்கொண்டார். அவர் வாங்கியவற்றில் அது மூன்றாவது. மூன்றிலுமே பாட்டு நன்றாகக் கேட்கிறது, ஆனால் உடன் வருபவர் பேசுவது மட்டும் புரிவதில்லை என்றார். கேட்புத்திறன் பரிசோதனை செய்து பார்த்தோம். வரைபடத்தில், தாழ்ந்த அதிர்வெண்களில் இயல்பாகச் சென்ற கோடு, 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கி, அதைத் தாண்டியதும் சற்றே மேலேறியது. இரு காதுகளிலும் அதே வடிவம். இரைச்சல் மிகுந்த தொழிற்சாலைகளில் பல்லாண்டுகள் வேலை செய்தவர்களிடம் நாங்கள் பார்த்துப் பழகிய பள்ளம் அது. ஆனால் இவர் செய்வது மேசை வேலை.

பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பவை. ச, த, ப, க போன்ற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமான வேறுபாடுகளோ உயர்ந்த அதிர்வெண்களில், மிக மெலிதாக இருக்கின்றன. 4000 ஹெர்ட்ஸைச் சுற்றிக் காது மங்கியவருக்கு ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. பாட்டில் இந்தக் குறை வெளிப்படுவதில்லை. தெரிந்த பாட்டை நினைவே நிரப்பிவிடும். இவருடைய மூன்று ஹெட்செட்டுகளிலும் பழுது எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவன் என்ற முறையிலும், நானே ஹெல்மெட் இன்டர்காம், அதாவது உடன் வருபவரோடு பேச உதவும் இத்தகைய ஹெட்செட், பயன்படுத்துபவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். இந்தக் கருவிகளை வாங்கவே கூடாது என்று சொல்வது என் நோக்கமன்று. பின்னால் அமர்ந்திருப்பவர் தோளைத் தட்டி, கழுத்தைத் திருப்பச் செய்து, கத்திப் பேசுவதைவிட, பார்வையைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு சொற்களில் பேசி முடிப்பது நல்லதுதான். ஆனால் இதன் ஒலியளவைத் தீர்மானிப்பது நம் விரல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதைத் தீர்மானிப்பது காற்று.

மூடிய ஹெல்மெட்டுக்குள் அமைதி நிலவுகிறது என்பது பலருடைய எண்ணம். ஹெல்மெட்டுக்குள் காதருகே மைக் வைத்து அளந்த ஆய்வுகளில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஏறத்தாழ 90 டெசிபெல் பதிவாகியிருக்கிறது. 160 கிலோமீட்டரில் அது 110 டெசிபெல் அளவை எட்டுகிறது. இது எஞ்சினின் சத்தமோ புகைக்குழாயின் சத்தமோ அன்று. ஹெல்மெட்டின் கீழ் விளிம்பிலும் தாடைப் பகுதியிலும் மோதிச் சுழலும் காற்றின் சத்தம். வேகம் கூடக் கூட மற்ற எல்லா ஓசைகளையும் அது விழுங்கிவிடுகிறது. விலை உயர்ந்த ஹெல்மெட் இதைச் சில டெசிபெல்கள் குறைக்கலாம், இல்லாமல் செய்ய முடியாது. குட்டையான விண்ட்ஷீல்டு பல நேரங்களில் நிலைமையை மோசமாக்குகிறது: அதன் மேல் விளிம்பில் கிழிபட்ட காற்று நேராக ஹெல்மெட்டின் மீது வந்து விழும். ஓடும்போது உடலைச் சற்றே தாழ்த்தியதும் இரைச்சல் சட்டென்று குறைந்தால், குற்றவாளி விண்ட்ஷீல்டின் உயரம்தான்.

தொழிலகச் செவிப் பாதுகாப்பில் பரவலாகக் கையாளப்படும் ஒரு கணக்கின்படி, 85 டெசிபெல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதன் பின் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 88 டெசிபெல்லுக்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 94-க்கு ஒரு மணி நேரம், 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரம். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டுபவர், ஹெட்செட் எதுவும் இல்லாமலேயே, ஒரு நாளைக்கான பங்கைப் பலமுறை செலவழித்துவிடுகிறார். அந்த இரைச்சலின் மேல்தான் நாம் பாட்டையும் பேச்சையும் ஏற்றி வைக்கிறோம். காற்றின் சத்தமும் ஸ்பீக்கரின் சத்தமும் சம அளவில் இருந்தாலே மொத்தம் 3 டெசிபெல் கூடும், அதாவது காது தாங்கக்கூடிய நேரம் மேலும் பாதியாகும். ஆனால் யாரும் சம அளவில் நிறுத்துவதில்லை; சிரமமின்றிப் புரிய வேண்டுமென்றால் பேச்சு இரைச்சலுக்கு மேலே நிற்க வேண்டும்.

பேசுபவருக்கும் இதே கதிதான். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்துகிறார் என்பதை 1911-இல் எத்தியென் லொம்பார்டு என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. (ஆற்றலை உறிஞ்சும் உட்படலம் கொண்ட ஹெல்மெட்டுக்கு 1953-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஆய்வாளரின் பெயரும் லொம்பார்டுதான். இருவருக்கும் தொடர்பில்லை, ஆனால் இந்தக் கட்டுரைக்கு இருவருமே வேண்டியவர்கள்.) ஆக, ஒருவர் கத்துகிறார், மற்றவர் வால்யூமைக் கூட்டுகிறார், வேகம் கூடுகிறது, இருவரும் இன்னும் கத்துகிறார்கள்.

இன்றைய கருவிகள் பலவற்றில் சுற்றுச் சத்தத்துக்கேற்ப வால்யூம் தானாகவே கூடிக் குறையும் வசதி இருக்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதி இல்லாத பழைய கருவியில் ஒரு நன்மை இருந்தது: சிக்னலில் வண்டியை நிறுத்தியதும் காதில் பாட்டு அலறும், நாமும் திடுக்கிட்டு வால்யூமைக் குறைப்போம். அந்த அலறல்தான் அத்தனை நேரமும் காதில் விழுந்துகொண்டிருந்தது என்பதை அந்தக் கணத்தில் உணர்வோம். வண்டி நிற்பதற்கு முன்பே கருவி வால்யூமைத் தணித்துவிட்டால் அந்த எச்சரிக்கை நமக்குக் கிடைப்பதே இல்லை. ஆகவே என்னிடம் வருபவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். தானியங்கி வசதியை ஒரு நாள் மட்டும் அணைத்துவிட்டு, நெடுஞ்சாலையில் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அதே அளவில் ஒரு நிமிடம் கேளுங்கள். பெரும்பாலோர் பத்து நொடிகளுக்குள் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுகிறார்கள்.

தீர்வு வால்யூம் பொத்தானில் இல்லை என்பதால், அதைக் குறையுங்கள் என்று வெறுமனே அறிவுரை சொல்வதை நான் விட்டுவிட்டேன். காற்றின் சத்தத்தைக் குறைத்தால் வால்யூம் தானே இறங்கும். அதற்கு மிக மலிவான வழி இயர்பிளக். காதை அடைத்துக்கொண்டால் ஸ்பீக்கர் எப்படிக் கேட்கும், ஹாரன் எப்படிக் கேட்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இயர்பிளக் காற்றையும் பேச்சையும் ஹாரனையும் சேர்த்தே தணிக்கிறது. அவற்றுக்கிடையிலான விகிதம் பெரிதாக மாறுவதில்லை. அதே வேளையில், மிகையான சத்தத்தில் திணறும் உட்காது, சத்தம் தணிந்ததும் ஒலிகளைத் தெளிவாகப் பிரித்தறியத் தொடங்குகிறது. வெயிலில் கூசும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி செய்யும் வேலையை இது காதுக்குச் செய்கிறது. ஏற்கெனவே கேட்புத்திறன் குறைந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் பரிசோதித்த பிறகு, ஒலியைச் சீராகத் தணிக்கும் வடிகட்டி வைத்த வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நுரையாலான இயர்பிளக்கைப் பலர் காதின் வாசலில் செருகிவிட்டு, பயனில்லை என்கிறார்கள். சுத்தமான விரல்களால் அதை மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு உள்ளே செலுத்தி, அது விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் விரலால் தாங்கியிருக்க வேண்டும். காதில் சீழ் வடிபவர்களும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் செருகக் கூடாது. வண்டி ஓட்டும்போது காதில் எதை வைத்துக்கொள்ளலாம் என்பதில் சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. உங்கள் பகுதியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஸ்பீக்கரின் இடம். என்னிடம் வருபவர்கள் ஹெல்மெட்டையும் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரும்பாலும் ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இல்லாமல், கீழேயோ பின்னாலோ ஒட்டப்பட்டிருக்கும். இவ்வளவு சிறிய ஸ்பீக்கரின் ஒலி ஒரு சென்டிமீட்டர் விலகினாலே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் வால்யூம் உச்சத்துக்குப் போகிறது. ஹெல்மெட்டை அணிந்துகொண்டு, கீழிருந்து ஒரு விரலை உள்ளே நுழைத்துக் காதுத் துளை எங்கே வருகிறது என்று தடவிப் பார்த்து, அந்த இடத்தில் அடையாளமிட்டு ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் பெட்டியில் வரும் பஞ்சுத் துண்டை ஸ்பீக்கருக்குப் பின்னால் வைக்கலாம். ஆனால் காது மடலை அது அழுத்தக் கூடாது. ஒரு மணி நேரப் பயணத்தில் மடல் சிவந்து வலித்தால் அழுத்துகிறது என்று பொருள். ஸ்பீக்கரின் மேலுறை வியர்வையில் ஊறும் துணி என்பதையும் மறக்க வேண்டாம். நம் நண்பரின் அரிப்புக்குக் காரணம் பூஞ்சைத் தொற்று. அந்த உறையை அவர் வாங்கிய நாளிலிருந்து கழுவியதே இல்லை.

இடம் போதவில்லை என்று ஹெல்மெட்டின் உட்புறத்தைக் கத்தியால் குடைபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. தெர்மாகோல் போலத் தோன்றும் அந்தப் பாலிஸ்டைரீன் நுரைதான் ஹெல்மெட்டின் உயிர்நாடி. விபத்தில் அது நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்வதால்தான் மண்டையோடு தப்புகிறது. காதுக்கு மேலே குடைந்த குழியில் கெட்டியான பிளாஸ்டிக் வட்டு ஒன்றைப் பதித்தால், மென்மையாக நசுங்க வேண்டிய இடத்தில், அதுவும் எலும்பு மெலிந்திருக்கும் பொட்டுப் பகுதிக்கு அருகில், கடினமான பொருள் ஒன்றை நாமே வைத்ததாகிறது. ஸ்பீக்கருக்கான குழி வைத்தே தயாரிக்கப்பட்ட ஹெல்மெட்டுகள் இன்று ஏராளம். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 22.06 ஹெல்மெட் விதிமுறை, தயாரிப்பாளர் தரும் துணைக்கருவிகளோடு சேர்த்தே ஹெல்மெட்டைச் சோதிக்க வழிசெய்திருக்கிறது. அத்தகைய இணை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. வெளி ஓட்டில் துளையிடவே கூடாது. பாலிகார்பனேட் ஓட்டில் கண்ட பசையையும் கரைப்பானையும் தடவவும் கூடாது. அவை ஓட்டை உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும்.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்காதவர்கள் அரிது. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கைப்பேசியின் உச்ச ஆற்றலைவிட மிகக் குறைந்த ஆற்றலில் வெளியிடுகிறது. அது எக்ஸ் கதிர் போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சும் அன்று. அதைப் பற்றிக் கவலையோடு கேட்பவர், உச்ச வால்யூமில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்தவராக இருப்பார்.

காதைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும், அது கவனம். கையில் பிடித்துப் பேசுவதற்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசுவதற்கும் கவனச்சிதறலில் பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் காரோட்டிகளிடம் நடந்த ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. கண் சாலையில்தான் இருக்கும், மனம் அங்கே இருக்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. எனினும் எல்லாப் பேச்சும் ஒன்றன்று. பின்னிருக்கையில் இருப்பவர் அதே சாலையைப் பார்க்கிறார். குறுக்கே ஒரு லாரி திரும்பினால் அவரும் பேச்சை நிறுத்திவிடுவார். முன்னே செல்லும் நண்பர் நம் சாலையைப் பாதி பார்க்கிறார். தொலைபேசியில் அழைத்தவருக்கு எதுவுமே தெரியாது. நாம் பிரேக் பிடிக்கும் நொடியில் அவர் கேள்வி கேட்பார், பதில் வராவிட்டால் மீண்டும் கேட்பார். என் ஹெட்செட்டில் அழைப்புகளை நான் முற்றிலும் அணைத்து வைத்திருக்கிறேன். வழிகாட்டிக் குரலும் பின்னிருக்கையும் போதும்.

குழுப் பயணத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. முன்னே முந்திச் சென்றவர், "எதிரே வண்டி இல்லை, வா" என்று இன்டர்காமில் அழைப்பார். அவர் பார்த்த வெறுமை அவருடைய நொடியில் இருந்தது. பின்னால் வருபவர் அந்த இடத்தை அடைவதற்குள் எதிரே ஒரு வண்டி முளைத்திருக்கலாம். குழி, மணல், நாய் என்று எச்சரிக்கலாம். முந்தும் முடிவை மட்டும் எவரும் கடனாக வாங்கக் கூடாது. இணைப்பு அறுந்தாலும் அதைச் சரிசெய்ய ஓடும் வண்டியில் கைப்பிடியை விட்டுப் பொத்தான்களைத் துழாவ வேண்டாம். சங்கிலி போல் ஒருவரோடொருவர் இணையும் பழைய முறையில் நடுவில் ஒருவர் பின்தங்கினால் குழு இரண்டாகப் பிரியும். எல்லாக் கருவிகளும் வலைபோல் ஒன்றோடொன்று இணையும் மெஷ் முறையில் இணைப்பு தானாக மாற்று வழி தேடிக்கொள்ளும். எதுவானாலும், பேச்சு இல்லாமலும் பயணம் நடக்கும்படி நிற்கும் இடங்களை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

முதலில் சொன்ன நண்பர் இப்போது இயர்பிளக் அணிகிறார், ஸ்பீக்கரை இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏற்றி ஒட்டியிருக்கிறார். ஒலியை உணரும் உட்காது மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஆழமாகவில்லை, பேச்சும் முன்பைவிடப் புரிகிறது என்கிறார்.

நெடும் பயணத்துக்குப் பின் காது அடைத்தாற்போல் இருந்து, "ங்ங்" என்ற இரைச்சல் மறுநாளும் நீடித்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது வேறு நோயாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வழக்கமான கேட்புத்திறன் பரிசோதனைக்கு வருபவர்கள், அதற்கு முந்தைய 14 மணி நேரமாவது காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வர வேண்டும். இல்லையெனில் தற்காலிக மந்தமும் நிரந்தர இழப்பாக வரைபடத்தில் பதிவாகிவிடும். அன்று ஒரு நாள் மட்டும் மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.