கழிவுச்சேற்றுக்கு நாள் கொடுத்தல்: சமிபாட்டுத் தொட்டிகள் மேம்படுத்தப்படுவது எப்படி?

யாழ்ப்பாண நகரத்து வீடுகளில் மலசலகூடக் குழியைத் திறப்பது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் காரியம். கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசர் ஒழுங்கைக்குள் வந்து நின்றதும் சீமெந்து மூடியை அலவாங்கால் நெம்பித் தூக்குவார்கள். உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் தடித்த ஏடு ஒன்று படர்ந்திருக்கும்; அலவாங்கின் நுனியால் அதைச் சற்று விலக்கினால் அடியிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து உடையும். அனுபவமுள்ள தொழிலாளி அவ்வேளையில் குனிந்து பார்க்கமாட்டார், பீடி பற்றவைக்கவும் விடமாட்டார். அந்தக் குமிழிகளில் பெரும்பகுதி மெதேன். காற்றில் 5 முதல் 15 வீதம் வரை கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். அழுகிய முட்டை மணத்தைத் தரும் ஐதரசன் சல்பைட்டோ செறிவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடுவதால், மணம் நின்றுவிட்டது என்பதை ஆபத்து நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பெருநகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், கழிவுநீரிலிருந்து பிரித்த சேற்றை நுண்ணங்கிகளைக் கொண்டு செரிக்கவைக்கும் மாபெரும் கொங்கிறீற்றுச் சமிபாட்டுத் தொட்டிகளும் அடிப்படையில் இந்தக் குழியின் உறவுமுறைதான். 1895 இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் டொனால்ட் கமரன் அமைத்த மூடிய கழிவுத் தொட்டியிலிருந்து கிடைத்த வாயுவைக் கொண்டு விளக்கு எரித்தார்கள். அன்று முதல் இன்றுவரை வேலை செய்பவை அதே நுண்ணங்கிகள்தாம்; அவற்றுக்கு நாம் செய்துகொடுக்கும் வசதிகள்தாம் மாறியிருக்கின்றன.

ஒட்சிசன் இல்லாத இருட்டில் நடக்கும் இந்தச் சமிபாடு ஒரே வகை உயிரின் வேலையன்று. முதலில் சில பற்றீரியாக்கள் புரதம், கொழுப்பு, மாப்பொருள் ஆகியவற்றை நீரில் கரையும் துண்டுகளாக உடைக்கின்றன. அடுத்த கூட்டம் அத்துண்டுகளை அமிலங்களாக்குகிறது. இன்னொரு கூட்டம் அவ்வமிலங்களை அசற்றிக்கமிலமாகவும் ஐதரசனாகவும் சுருக்குகிறது. கடைசியாக மெதேனாக்கிகள் எனப்படும், பற்றீரியாக்களிலிருந்து வேறான ஆக்கியா வகை நுண்ணங்கிகள் அவற்றை உண்டு மெதேனை வெளிவிடுகின்றன. அமிலம் ஆக்குபவை சில மணித்தியாலங்களில் இரட்டிப்பாகும். மெதேனாக்கிகளில் முக்கியமான சிலவற்றுக்கோ பல நாட்கள் தேவை. சேறு அவை பெருகும் வேகத்தைவிட விரைவாகத் தொட்டியை விட்டு வெளியேறினால் அவையும் சேற்றோடு கழுவுண்டு போய்விடும். எனவேதான் 35 பாகை செல்சியசில் இயங்கும் தொட்டியில் சேறு சராசரியாக 15 முதல் 20 நாட்கள், சில இடங்களில் அதற்கும் மேலாகத் தங்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சமிபாட்டுத் தொட்டியை மேம்படுத்துவது என்று பொறியியலாளர்கள் பேசுவதில் பெரும்பகுதி, புதுத் தொட்டி கட்டாமல் இந்த நாட்களை எப்படிக் கூட்டுவது என்பதைப் பற்றியதே.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 2000 கன மீற்றர் கொள்ளளவுள்ள தொட்டிக்குள் நாளொன்றுக்கு 160 கன மீற்றர் சேறு செல்கிறது என்று வைத்துக்கொண்டால், சேறு தங்கும் காலம் பன்னிரண்டரை நாட்கள். பல ஆண்டுகளாகப் படிந்த மணலும் மேலே இறுகிய ஏடும் தொட்டியின் கால்பங்கைப் பிடித்துக்கொண்டால் அது ஒன்பது நாட்களாகக் குறையும். மெதேனாக்கிகள் தாக்குப்பிடிக்க முடியாத எல்லை அது. வெளியிலிருந்து பார்க்கையில் தொட்டி அதே தொட்டிதான். இந்த மறைவான இழப்பைக் கண்டுபிடிக்க லித்தியம் உப்பை உள்ளே இட்டு, அது எத்தனை நாட்களில் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்பதுண்டு. அதன்பின் தொட்டியை வெறுமையாக்கி மணலை அள்ளி, கலக்கும் கருவிகளைப் புதுப்பிப்பார்கள். நகரத்தின் கழிவுநீர் ஒரு நாளும் நிற்காது என்பதால், ஒரு தொட்டி மூடியிருக்கையில் மற்றத் தொட்டி இரண்டின் சுமையையும் தாங்கவேண்டியிருக்கும். இந்தக் காலத்தைத் திட்டமிடுவதுதான் முழு வேலையிலும் கடினமான பகுதி.

இனி அதே கணக்கின் மறுபக்கம். உள்ளே செல்லும் சேற்றில் திண்மம் இரண்டரை வீதம் மட்டுமே, மீதி வெறும் நீர். அந்த நீரைச் சுழல்பொறியாலோ வடிபட்டியாலோ முன்கூட்டியே பிழிந்து திண்மத்தை 5 வீதமாக உயர்த்தினால், 160 கன மீற்றர் 80 ஆகிவிடும், பன்னிரண்டரை நாட்கள் இருபத்தைந்தாகிவிடும். ஒரு கன மீற்றர் கொங்கிறீற்றும் ஊற்றாமல் தொட்டி இரட்டிப்பானது போலத்தான் இது. சூடாக்கும் செலவிலும் இதன் பலன் தெரியும். ஐரோப்பாவின் குளிர்நாடொன்றில் 10 பாகையில் வரும் சேற்றை 35 பாகைக்கு உயர்த்த ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 105 மெகா யூல் வெப்பம் வேண்டும். திண்மம் 5 வீதமான சேற்றின் ஒரு கன மீற்றரிலிருந்து கிடைக்கும், மெதேன் மிகுந்த உயிர்வாயுவில் ஏறக்குறைய 350 முதல் 400 மெகா யூல் வரை இருக்குமாதலால், கால்பங்குக்கு மேல் தன்னைத் தானே சூடாக்கவே போய்விடும். சேறு நீர்த்திருந்தால் பாதிக்கும் மேல். யாழ்ப்பாணத்தில் சேறு 28 பாகையில் வந்து சேரும் எனக் கொண்டால் தேவைப்படுவது 29 மெகா யூல் மட்டுமே. சித்திரை வெயிலை நொந்துகொள்ளும் நமக்கு அது தரும் அபூர்வமான சலுகை இது.

நாட்கள் கூடினாலும் தொட்டி புளித்துப்போகக்கூடும். அதிக உணவு ஒரேயடியாக உள்ளே போனால் அமிலமாக்கிகள் விரைந்து வேலைசெய்ய, மெதேனாக்கிகள் பின்தங்கிவிடும்; அமிலம் தேங்கும். சேற்றிலுள்ள இருகாபனேற்று என்ற காரப்பொருள் அந்த அமிலத்தைச் சிறிது காலம் விழுங்கிக்கொண்டிருப்பதால், அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானம் அசையாமலே நிற்கும். அது சரியத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். எனவே தேர்ந்த இயக்குநர் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தையே நாள்தோறும் பார்ப்பார், 0.3 ஐத் தாண்டினால் உணவைக் குறைப்பார். கருப்பநீர் புளிக்காதிருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுவதுபோல் இங்கும் சுண்ணாம்பு இடுவதுண்டு. ஆனால் சுண்ணாம்பு காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்வதால், அளவுக்கு மிஞ்சினால் மேலேயுள்ள வாயுவறையில் அழுத்தம் இறங்கி, தொட்டியின் கூரைக்கே கேடு வரும்.

இன்னொரு பெரிய மேம்பாடு, சேற்றை முதலில் அவித்துவிடுவது. சுமார் 165 பாகையில், வளிமண்டல அழுத்தத்தின் ஆறு மடங்கில், அரை மணித்தியாலம் அவித்து அழுத்தத்தைத் திடீரென விடுவித்தால் நுண்ணங்கிகளின் கலச்சுவர்கள் வெடித்துச் சேறு இளகிவிடும். நோர்வேயின் ஹமார் நகரில் 1995 இல் தொடங்கிய இம்முறை, 2015 இல் வாஷிங்டனின் புளூ பிளெயின்ஸ் நிலையத்திலும் இயங்கத் தொடங்கியது. இளகிய சேற்றை இன்னும் செறிவாக ஊட்டலாம், நோய்க்கிருமிகளும் மாண்டுவிடும். ஆயினும் கொதிகலனும் தேர்ந்த இயக்குநர்களும் தேவைப்படும் இந்த ஏற்பாடு நம்மைப்போன்ற சிறிய நகரத்துக்கு முதற்படியாகாது என்பதே என் எண்ணம்.

நகரத்துக்கு முழுமையான கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இல்லாத யாழ்ப்பாணத்தில், பவுசர்கள் கொண்டுவரும் சேற்றையே தொட்டியில் இட்டு வாயு எடுக்கலாமே என்ற யோசனை இயல்பாகவே எழும். அதில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் குழிக்குள் கிடந்த சேறு தன் மெதேனின் பெரும்பகுதியை ஒழுங்கைக் காற்றிலேயே விட்டுவிட்டு வருகிறது. அதோடு திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளின் மரக்கறிக் கழிவையும் குருநகர், பாசையூர்க் கரைகளின் மீன்கழிவையும் அளவோடு சேர்த்தால்தான் வாயு பெருகும். மரக்கறி விரைவில் புளிக்கும். மீனோ புரதம் மிகுந்தது, அமோனியாவைக் கூட்டும்.

அந்த அமோனியாதான் இந்த மண்ணில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. சமிபாடு காபனைத்தான் வாயுவாக வெளியேற்றுகிறது, நைதரசனைத் தொடுவதில்லை. புரதத்திலிருந்த நைதரசன் அமோனியாவாகக் கரைந்து, சமித்த சேற்றைப் பிழியும்போது வடியும் நீரில் லீற்றருக்கு ஆயிரம் மில்லிகிராம் அளவிலும் வந்து நிற்கும். வற்றாத ஆறில்லாத, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கிய நீரையே கிணறுகளில் அள்ளும் குடாநாட்டில் அந்த வடிநீர் நிலத்தில் இறங்கினால் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கே வந்துசேரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. உரத்தாலும் மலக்குழிகளாலும் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் இங்கு ஏற்கெனவே உள்ளன. இவ்வகை வடிநீருக்கென நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் 2002 இல் ஒரு தனித்தொட்டி அமைத்தார்கள். அமோனியாவின் ஒரு பங்கை வேறு பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்று எனும் இடைநிலைச் சேர்வையாக்கிவிட, மீதி அமோனியாவையும் அந்த நைத்திரைற்றையும் சேர்த்து வெறும் நைதரசன் வாயுவாக்கி விண்ணில் விட்டுவிடும் சிவந்த பற்றீரியாக்கள் அதில் வளர்க்கப்படுகின்றன. அவை வெதுவெதுப்பான நீரை விரும்புபவை. மிக மெதுவாகவே பெருகுபவை. அவற்றுக்கும் நாட்கள் கொடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் என்றேனும் ஒரு சமிபாட்டுத் தொட்டிக்கு வரைபடம் கீறப்படுமானால், வாயுவில் ஓடும் மின்பிறப்பாக்கிக்கு இடம் ஒதுக்குவதற்கு முன்னர் இந்த வடிநீர்த் தொட்டிக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.