18 கிலோ இழுவையில் 400 கிலோ மீன்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவின் பெயரும் ஹவாய்தான். அதன் மேற்குக் கரைக்குக் கோனா என்று பெயர். அங்குள்ள ஹோனோகொஹாவ் துறைமுகத்திலிருந்து விடிந்ததும் வாடகை மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கிளம்பும். அரை நாள், முழு நாள் என்று பணம் கட்டி ஏறுகிறவர்களில் பலர் அதற்கு முன் கடலில் தூண்டிலே போட்டதில்லை. அவர்கள் தேடிப் போவதோ நீல மார்லின். நம் கரையில் மயில் மீன் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரியது. 1982-ல் கோனாவில் பிடித்து, உலக சாதனைப் பட்டியலில் ஏறிய நீல மார்லின் 1,376 பவுண்டு, அதாவது 624 கிலோ.

இந்த மீனுக்குக் கட்டும் தங்கூசியில், அதாவது தூண்டில் நரம்பில், தடிமனானது 130 பவுண்டு ரகம். 59 கிலோ இழுவை வந்தால் அறுந்துவிடும். அந்த 59 கிலோவையும் யாரும் முழுசாகப் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலான நேரம் நரம்பில் இருப்பது 18, 20 கிலோ இழுவைதான். ஒரு மூட்டை சிமெண்டின் பாதி எடைகூட வராத இழுவையை வைத்து, கடலில் பெரிதாக எதற்கும் பயப்படாத 400 கிலோ மீனை, பழக்கமே இல்லாத ஒருவர் எப்படிப் படகோரம் கொண்டுவருகிறார்?

முதல் விடை எளிது. 400 கிலோ என்பது தராசில் தொங்கும்போது. மீனின் உடல் கடல்நீரைவிடக் கொஞ்சம்தான் அடர்த்தி கூடியது, போதாததற்கு மார்லினுக்கு உள்ளே காற்றுப்பையும் உண்டு. தண்ணீருக்குள் அதன் எடை பத்து இருபது கிலோகூடத் தேறாது. ஆகவே எடை ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை, அது ஓடுவது.

அதற்கு முன் கோனாவுக்கு ஏன் போகிறார்கள் என்று பார்த்துவிடலாம். இந்தத் தீவே கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளின் குவியல். மௌனா லோவா 4,169 மீட்டர், மௌனா கியா 4,207 மீட்டர். மலைச்சரிவு கரையோடு நிற்காமல் அதே வேகத்தில் கடலுக்குள்ளும் இறங்குகிறது. சில மைல் போனாலே ஆயிரம் பாகம், அதாவது 1,800 மீட்டர் ஆழம் வந்துவிடும். வேறு பல ஊர்களில் ஆழ்கடலைத் தொடவே இரண்டு மூன்று மணி நேரம் ஓட வேண்டும், வாடகையில் பெரும்பங்கு டீசலுக்கே போய்விடும். கோனாவில் துறைமுக வாயைத் தாண்டியதும் தூண்டிலை இறக்கிவிடுகிறார்கள்.

அப்புறம் காற்று. இங்கே ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வணிகக்காற்று வீசும். மலைகள் அதை மறித்துவிடுவதால் மேற்குக் கரையில் கடல் அமைதியாகக் கிடக்கும். மறிபட்ட காற்று சும்மா இருக்குமா? ஹவாய்க்கும் பக்கத்துத் தீவான மாவிக்கும் நடுவே உள்ள அலெனுயிஹாஹா நீரிணை வழியாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. வேகமான காற்றும் அசையாத காற்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கீழே கடல்நீர் சுழலத் தொடங்கும். கோனாவுக்கு வெளியே பல கிலோமீட்டர் அகலத்தில் பெருஞ்சுழல்கள் உருவாவது இப்படித்தான். வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும் நீர், பூமியின் சுழற்சியால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் விலகும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்ந்த நீர் சத்துகளோடு மேலே வரும். நுண்பாசி பெருகும், அதைத் தின்னும் சின்ன உயிர்கள் பெருகும், சூரை (டூனா) மீன் கூட்டம் வரும். சூரையைத் தேடி மார்லின் வரும்.

மார்லினுக்கு இரை காட்டும் முறையில் ஒரு வினோதம்: பெரும்பாலும் அங்கே உண்மையான இரையே கிடையாது. பிசின் வார்த்துச் செய்த தலை, பின்னால் ரப்பர் குஞ்சம், அதற்குள் தூண்டில் முள். அவ்வளவுதான். இந்தக் கலை வளர்ந்ததே கோனாவில்தான்; ஹென்றி சீ என்கிற கேப்டன் பிசினைக் குழாயில் வார்த்துச் செய்த தலைகளின் வம்சம் இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. படகு மணிக்கு 13 முதல் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பின்னால் நான்கைந்து செயற்கை இரைகள், ஒவ்வொன்றும் படகு எழுப்பும் அலைகளில் ஒன்றின் முகப்பில் நிற்கும்படி நீளம் பார்த்து விட்டிருப்பார்கள். இரையின் தலை சில நொடிக்கு ஒரு முறை நீரைக் கிழித்துக் காற்றை விழுங்கி மறுபடி மூழ்கும்; அப்போது பின்னால் வெண்மையாக ஒரு குமிழிக் கோடு நீளும். மார்லின் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற மீன். வெளிச்சமான மேற்பரப்பில் ஒரு கருநிழலும் அதன் பின்னால் குமிழிக் கோடும் தெரிந்தால், தப்பியோடும் மீனின் அடையாளங்கள் எல்லாம் அதற்குக் கிடைத்துவிடுகின்றன.

உயிருள்ள சூரையைக் கட்டுவதும் உண்டு. அதில் ஒரு சிக்கல்: சூரை வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு விடும். தொட்டியில் போட்டால் செத்துப்போகும். அதனால் படகின் பின்புறம் நேர்க்குத்தாகச் சில பிளாஸ்டிக் குழாய்கள் வைத்து, சூரையைத் தலைகீழாக உள்ளே செருகி, அடியிலிருந்து கடல்நீரைப் பம்ப் செய்கிறார்கள். நீர் வாய்க்குள் புகுந்து செவுள் வழியே போகும். மீன் நகராமலே நீந்துகிறது என்று சொல்லலாம்.

சரி, மார்லின் கவ்விவிட்டது. ரீல் அலறுகிறது. இங்கிருந்து எல்லாமே உராய்வின் கதை.

ரீலுக்குள் நரம்பு சுற்றியிருக்கும் உருளையோடு ஒரு தட்டு அழுத்தப்பட்டிருக்கும். கார்பன் இழையில் செய்த பிரேக் தட்டு. எவ்வளவு அழுத்துவது என்பதை ஒரு நெம்புகோல் தீர்மானிக்கும். இதற்கு டிராக் என்று பெயர். படகு கிளம்பும் முன்பே உதவியாள் நரம்பின் நுனியில் ஒரு வில்தராசை மாட்டி, உருளை நழுவும்வரை இழுத்துப் பார்ப்பார். முள் 18 அல்லது 20 கிலோவைத் தொடும்போது உருளை சுழல வேண்டும். முன்னே பின்னே இருந்தால் திருகைத் திருப்பிச் சரிசெய்வார். நரம்பு அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. அன்றைய நாளின் முக்கியமான வேலை முடிந்துவிட்டது என்றே சொல்வேன்.

ஏனென்றால் இனி மீன் எவ்வளவு பலசாலி என்பது பொருட்டே இல்லை. 18 கிலோவுக்கு மேல் அது இழுத்தால் உருளை நழுவி நரம்பைக் கொடுத்துவிடும். உருளையில் நரம்பு நிறைய இருக்கும்வரை, அது அறுபடும் அளவுக்கு இழுவை ஏறாது. ஆனால் கொடுக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் மீன் கூலி தர வேண்டும். 500 மீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 88 கிலோஜூல் ஆற்றலை அந்தப் பிரேக்கில் கரைத்திருக்கிறது. நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளங்கை அகலத் தட்டில் ஒரு கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி முழுச் சூட்டில் எரிவதற்குச் சமம். மலிவான தட்டாக இருந்தால் சூடேறி வழுக்கும், அல்லது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. நல்ல ரீலுக்கு ஏன் அவ்வளவு விலை என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த வெப்பம்தான்.

இதில் புதியவர்கள் எல்லாரும் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. மீன் ஓடுகிறது, நரம்பு தீர்ந்துகொண்டே போகிறது. கை தானாகவே டிராக்கை இறுக்கப் பார்க்கும். பக்கத்தில் நிற்பவர் “குறை, குறை!” என்று கத்துவார். ஏன்? பிரேக் தருவது சுழற்சிக்கு எதிரான ஒரு நிலையான திருப்புவிசை. நரம்பில் வரும் இழுவை என்பது அந்தத் திருப்புவிசையை உருளையின் ஆரத்தால் வகுத்தது. நரம்பு போகப் போக உருளை இளைக்கும். விட்டம் பாதியானால், யாரும் எதையும் தொடாமலே 18 கிலோ 36 கிலோவாகிவிடும். இதோடு தண்ணீரின் பிடியும் சேரும். ஐநூறு மீட்டர் நரம்பு கடலுக்குள் இருக்கும்போது மீன் பக்கவாட்டில் திரும்பினால், நரம்பு பெரிய வளைவாகத் தொய்ந்து நீரை அறுத்துக்கொண்டு போகும். அந்த எதிர்ப்பு ரீலில் தெரியாது. மீன் இருக்கும் முனையில்தான் ஏறும். இரண்டும் கூடினால் 59 கிலோ ஒன்றும் தொலைவில் இல்லை. நைலான் நரம்பு அறுபடும் முன் 20 சதவீதத்துக்கும் மேல் நீளும் என்பதால் திடீர்க் குலுக்கலைத் தாங்கும். விடாமல் ஏறும் இழுவைக்கு அது மருந்தல்ல.

தூண்டில் கம்பைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம். கம்பு நமக்கு உதவுகிற கருவி என்று நினைக்கிறோம். நெம்புகோலாகப் பார்த்தால் அது மீனின் பக்கம். கம்பின் அடி நாற்காலியில் உள்ள குழிவில் நிற்கிறது. வளைந்த கம்பின் நுனி அங்கிருந்து 120 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரீலில் மாட்டிய வார்ப்பட்டை 40 சென்டிமீட்டரில். நுனியில் 18 கிலோ என்றால் நம் உடலுக்கு வருவது 54 கிலோ. கையால் பிடித்துப் பார்க்கிறவர் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார். அதனால்தான் அந்தச் சுழல் நாற்காலியும், இடுப்பைச் சுற்றிய வாரும், கால் வைக்கும் பலகையும். காலை நீட்டிப் பின்னால் சாய்ந்தால் உடம்பின் எடையே இழுக்கும்; முன்னால் வரும்போது கைப்பிடியைச் சுற்றி நரம்பை வாங்கிக்கொள்ள வேண்டும். கைக்கு அதைத் தவிர வேலை கிடையாது.

நாற்காலியில் இருப்பவரைவிட அதிகம் உழைப்பது எஞ்சின். மீன் எடுத்துக்கொண்ட நரம்பை மீட்க, கேப்டன் படகைப் பின்னோக்கி ஓட்டுவார். பின்பலகையில் அலை மோதி எல்லாரும் நனைவார்கள். மீன் ஆழத்தில் போய்ப் பிடிவாதமாக நின்றால் படகைக் கொஞ்சம் முன்னே எடுத்து இழுவையின் கோணத்தை மாற்றுவார். நேர் மேலே தூக்குவது கடினம், சாய்வாக இழுத்தால் உடம்பின் மேல் படும் நீரே மீனை மேலே கொண்டுவரும். புகைப்படத்தில் கேப்டன் ஓரமாக நிற்பது எனக்கு எப்போதுமே அநியாயமாகப் படும்.

மறுமுனையில் இருக்கும் உடம்பையும் பார்க்க வேண்டும். மார்லின் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தும் என்று எழுதாத பத்திரிகை இல்லை, நம்பாதீர்கள். பார்பரா பிளாக் என்ற உயிரியலாளரின் குழு ஹவாய்க் கடலில் நீல மார்லின்களின் மேல் வேகமானி பொருத்தி அளந்து 1992-ல் வெளியிட்ட முடிவின்படி, அவை பெரும்பாலான நேரம் மனிதன் நடக்கும் வேகத்தில், அல்லது அதற்கும் கீழே, நிதானமாகப் போகின்றன. பாய்ச்சல் என்பது சில நொடிச் சேமிப்பு. மார்லினின் தசையில் பெரும்பகுதி வெள்ளைத் தசை. ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சேமித்த சர்க்கரையை எரித்து வெடிக்கும் தசை அது. எரிந்ததற்கு ஈடாக லாக்டிக் அமிலம் சேரும்; அதைக் கழிக்கப் பல மணி நேரமாகும். முதல் ஓட்டத்திலும் அந்தப் பேர்போன துள்ளல்களிலும் மீன் தன் கையிருப்பைச் செலவழித்துவிடுகிறது. அப்புறம் நடப்பது இழுபறி.

இன்னொரு விசேஷம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்று மார்லினுக்குச் சுருங்கி விரியும் வேலையை விட்டுவிட்டு, வெப்பம் தயாரிக்கும் உறுப்பாகவே மாறியிருக்கிறது. மூளையையும் கண்ணையும் அது சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக வைக்கும். குளிர்ந்த ஆழத்தில் மற்ற மீன்களின் பார்வை மந்தமாகும்போது இதன் பார்வை மந்தமாகாது. இதையும் விளக்கிச் சொன்னது அதே பிளாக்தான். பெரிய மார்லின்கள் எல்லாம் பெண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண் 140 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம்.

கடைசிச் சில மீட்டர்தான் ஆபத்தானது. நரம்பின் நுனியில் லீடர் என்ற தடித்த நரம்புத் துண்டு இருக்கும். விதிப்படி அதிகபட்சம் 30 அடி. அது கைக்கு எட்டியதும் உதவியாள் கையுறையோடு அதைப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றுவார். இப்போது டிராக் இல்லை, பிரேக் இல்லை. மனிதன் நேராக மீனோடு கட்டுப்பட்டிருக்கிறான். கையை விரித்தால் சுற்று தானாக உருவி விழ வேண்டும்; அப்படிச் சுற்றத் தெரியாதவர் லீடரைத் தொடக்கூடாது. மாட்டிக்கொண்டு கடலுக்குள் இழுக்கப்பட்டு இறந்தவர்கள் உண்டு.

சாதனை என்று பதிய வேண்டுமானால், 1939-ல் தொடங்கிய ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற பன்னாட்டுச் சங்கத்தின் விதிப்படி, கம்பை ஒருவர் மட்டுமே தொட்டிருக்க வேண்டும். ஓவாஹு தீவுக்கு அப்பால் கொர்னேலியஸ் சோய் என்ற கேப்டனின் வாடகைப் படகில் பிடித்த நீல மார்லின் 1,805 பவுண்டு, கிட்டத்தட்ட 819 கிலோ. கம்பு கை மாறியதால் சாதனைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதன் வயிற்றுக்குள் 150 பவுண்டுக்கு மேற்பட்ட ஒரு மஞ்சள்துடுப்புச் சூரை இருந்தது.

இப்போது பல படகுகள் மீனை விட்டுவிடுகின்றன. களைத்த மீனைப் படகோரம் பிடித்தபடி மெதுவாக முன்னே போவார்கள்; திறந்த வாய் வழியே நீர் செவுளுக்குப் போய், ஆக்சிஜன் ஏறி, வால் வலுவாக அடிக்கத் தொடங்கியதும் விடுவார்கள். மெல்லிய நரம்பில் ஐந்து மணி நேரம் போராடிப் பிடிப்பதை வீரமாகப் பேசுகிறவர்கள் லாக்டிக் அமிலக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். பிழைக்க வேண்டிய மீனுக்குத் தடித்த நரம்பும் குறைந்த நேரமும்தான் நல்லது. விட்ட மீன் எங்கே போகிறது என்பதற்கும் ஒரு போட்டி உண்டு. கோனாவில் 1959 முதல் நடக்கும் பன்னாட்டு மார்லின் போட்டியோடு சேர்ந்து, 2009-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவிகளை மார்லின்களுக்குப் பொருத்த ஆரம்பித்தது. குறித்த நாளில் கருவி கழன்று மிதந்து, தான் கண்ட ஆழத்தையும் வெப்பத்தையும் அனுப்பும். யாருடைய மீன் அதிக தூரம் போனதோ அவருக்கு வெற்றி. பூமத்தியரேகையைத் தாண்டித் தென் பசிபிக்குக்குப் போன மீன்களும் அதில் உண்டு.

எல்லாப் படகும் விடுவதில்லை. அமெரிக்காவில் 2012-ல் வந்த சட்டம் மார்லின் வகை மீன்களின் விற்பனையைத் தடைசெய்தாலும் ஹவாய்க்கு விலக்கு கொடுத்தது. 2018-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கே இறக்கிய மீனை அங்கே மட்டுமே விற்கலாம். கோனாவில் பிடித்த மீன் படகுக்குத்தான் என்பது பழைய வழக்கம். பணம் கட்டியவருக்குச் சில துண்டுகள் கிடைக்கும். விடுவதா, கரைக்குக் கொண்டுவருவதா, யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் படகைப் பேசும்போதே கேட்டுவிட வேண்டும். மீன் ஓரத்துக்கு வந்தபிறகு அதைப் பேச நேரம் இருக்காது.