மழையில் பைக் பயணம்: நிறுத்தச் சொல்ல வேண்டியவர் பின்னால் இருப்பவர்

மழைநாட்களில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு பைக் விபத்துக் கேஸ்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும். ஒரே வண்டியில் போன இரண்டு நண்பர்கள். தனித்தனியாக விசாரித்தால் ஓட்டியவர், "மெதுவாத்தான் டாக்டர் வந்தேன்" என்பார். பின்னால் இருந்தவர், "எங்கயாவது ஒதுங்கலாம்னு எனக்குத் தோணுச்சு, அவன்கிட்ட சொல்லல" என்பார். ஏன் சொல்லவில்லை என்றால் நேரான பதில் வராது. பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவானோ என்ற கூச்சம், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்ற சமாதானம், வண்டி அவனுடையது முடிவும் அவனுடையது என்ற ஒருவித மரியாதை.

கடைசிக் காரணத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. கொட்டும் மழையில் வண்டியை நிறுத்தலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க, ஓட்டுபவரைவிடப் பின்னால் இருப்பவரே பொருத்தமான ஆள். எதிர்க்காற்றையும் மழையையும் நெஞ்சில் வாங்குபவர் ஓட்டுபவர். மற்றவர் அவர் முதுகின் மறைவில் இருக்கிறார். 10 டிகிரி குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நனையாத தோலுக்கே அது 5 டிகிரி போலத்தான் படும். நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

சூடு குறையும்போது உடம்பு முதலில் இதயம், மூளை போன்ற உள்ளுறுப்புகளைக் காப்பாற்றப் பார்க்கும். அதற்காகக் கை விரல்களுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும். கிளட்சையும் பிரேக்கையும் பிடித்திருப்பவை அந்த விரல்கள்தான். பிறகு நடுக்கம் வரும், கவனம் சிதறும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதைத் தாழ்வெப்பநிலை என்கிறோம். அப்போது பேச்சு குழறும், நிதானம் தவறும். இதில் மோசமான பகுதி, தான் மந்தமாகிவிட்டோம் என்பதே அவருக்குப் புரியாது. 'இப்போ பரவாயில்லடா' என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். நனைந்த உடையோடு இருக்கும்போதே நடுக்கம் தானாக நின்றுபோனால் நிம்மதியடையாதீர்கள். நிலைமை முற்றுகிறது என்று அர்த்தம்.

ஆகவே பின்னால் இருப்பவர் அவ்வப்போது பேச்சுக் கொடுங்கள். 'ம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வியாக இருக்கட்டும். "அடுத்து எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேளுங்கள். பதில் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாலோ, சம்பந்தமில்லாமல் வந்தாலோ, கியர் மாற்றும்போது வண்டி புதிதாகக் குலுங்கினாலோ நிறுத்தச் சொல்லுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். அரை நொடி தாமதமாக பிரேக்கைத் தொட்டால் 8 மீட்டர் காலி. அதன் பிறகு ஈரச்சாலை வேறு. காய்ந்த தாரில் பிரேக் பிடித்து 20 மீட்டரில் நிற்கும் வண்டி, ஈரத்தில் 35 மீட்டர் வரைகூட இழுத்துக்கொண்டு போகலாம். டயர் தேய்ந்திருந்தால் கணக்கே வேறு.

கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் கூச்சம் போய்விடும். தோளில் இரண்டு முறை தட்டினால் பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம்கட்ட வேண்டும், காரணத்தை நின்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஹெல்மெட்டுக்குள் மழைச் சத்தத்தில் கத்துவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

பலத்த மழையைவிட, நீண்ட வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். சாலையில் படிந்திருந்த எண்ணெயும் டயர் ரப்பர் தூளும் அந்த ஈரத்தில் குழைந்து வழவழப்பாகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிவிடும் வரை காத்திருப்பது நல்லது. சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் ஈரத்தில் எப்போதுமே வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்கவும் கூடாது, வண்டியைச் சாய்க்கவும் கூடாது. வளைவில் பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாயும் நண்பர், தெரியாமலேயே வண்டியைத் தள்ளிவிடுகிறார். ஓட்டுபவரோடு சேர்ந்து சாய்ந்தால் போதும்.

பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். காற்று குடையோடு உங்களையும் சேர்த்துத் தூக்கும், அல்லது குடை ஓட்டுபவரின் கண்ணை மறைக்கும். தொளதொளவென்று தொங்கும் மழை அங்கியும் ஆபத்துதான். அதன் ஓரம் செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் இழுவை நேராகக் கழுத்துக்கு வரும். இடுப்பில் இறுக்கிக் கட்ட முடிகிற சட்டையும் பேண்டுமான ரெயின்கோட்டே சரி. ஹெல்மெட் இருவருக்கும் வேண்டும். அது மரண வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக, பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. தரையில் மோதும் தலை முன்சீட்டா பின்சீட்டா என்று பார்த்து மோதுவதில்லை.

இடி கேட்கிறதா? ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது கட்டுக்கதை. காருக்குள் இருப்பவரைக் காப்பது சுற்றியுள்ள உலோகக் கூடு, டயர் அல்ல. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்.

விழுந்துவிட்டால் நண்பர்கள் செய்யும் முதல் காரியம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைப்பது. நல்ல மனசுதான், ஆனால் கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலே தண்டுவடத்தைக் கெடுத்துவிடும். எதிரே வரும் வண்டிகளால் ஆபத்து என்றால் தவிர அசைக்காதீர்கள். மூச்சு ஒழுங்காக இருக்கும்வரை ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, இன்னொருவர் மெல்ல உருவ வேண்டும். ஈர உடையோடு தரையில் கிடப்பவருக்கு மேலே எதையாவது போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறைவதும் தாமதமாகும்.

எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்களைத்தான் நான் அதிகம் தேடுகிறேன். "என்னடா ஆச்சு?" என்று ஒருவர் கேட்கிறார், நீங்கள் சொல்கிறீர்கள், ஐந்து நிமிடத்தில் அதையே மறுபடி கேட்கிறார் என்றால் மூளை அதிர்ந்திருக்கிறது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மண்டைக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் ஆளை நன்றாகப் பேசவிட்டுப் பிறகு சாய்த்துவிடும்.

கையூன்றி விழுந்தவர்கள் கட்டைவிரலை விறைப்பாக விரித்துப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்னக் குழி தெரியும். அதை அழுத்தினால் வலிக்கிறது என்றால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நம்பாதீர்கள். அங்கே இருக்கும் ஸ்கேபாய்ட் எலும்பின் விரிசல் பல சமயம் உடனே தெரியாது. மாவுக்கட்டு போட்டுவிட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்போம். சுளுக்கு என்று உருவிவிட்டுக்கொண்டு வந்தவர்களில், எலும்பின் ஒரு பாதி இரத்தமின்றிச் செத்துப்போனவர்கள் உண்டு.

சிராய்ப்பை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டிடி எனப்படும் டெட்டனஸ் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் காயத்தோடு தேங்கிய தண்ணீரில் இறங்கி வண்டியைத் தள்ளியிருந்தால் இன்னொன்றும் உண்டு. ஒன்றிரண்டு வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் கழித்தும்கூட, காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்குள் மழையும் மறந்திருக்கும், காயமும் ஆறியிருக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தத் தண்ணீரைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். உங்களோடு சேர்ந்து தள்ளிய நண்பருக்கும் போன் போட்டு விசாரித்துவிடுங்கள்.