லைசென்ஸ்: உரிமமா, அனுமதிப்பத்திரமா?

'லைசென்ஸ்' என்னும் சொல், 'அனுமதிக்கப்பட்டிருத்தல்' என்று பொருள்படும் 'லிகேரே' என்ற இலத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழ்நாட்டின் ஆட்சித்தமிழில் இது 'உரிமம்'. இலங்கைத் தமிழில் 'அனுமதிப்பத்திரம்'. வேர்ப்பொருளுக்கு நெருக்கமானது இலங்கை வழக்கே. 'உரிமம்' என்றதும் 'உரிமை' நினைவுக்கு வருவதால், உரிமம் பெற்ற பொருளைத் தம் விருப்பம்போல் கையாளலாம் என்ற மயக்கம் எழுகிறது.

துப்பாக்கி வைத்திருப்போர்க்கு இம்மயக்கம் ஆபத்தானது. 1959ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டத்தில் 3ஆம் பிரிவின்படி பெறும் உரிமம், துப்பாக்கியை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் எடுத்துச்செல்வதற்கும் மட்டுமே. செய்வதற்கும் விற்பதற்கும் மாற்றியமைப்பதற்கும், ஏன், பழுதுபார்ப்பதற்கும்கூட 5ஆம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. குழலைக் குறுக்குவதற்கும், போலித் துப்பாக்கியை உண்மையானதாக்குவதற்கும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதற்கும் 6ஆம் பிரிவின்கீழ் உரிமம் வேண்டும். துடைத்து எண்ணெய் விடுவதை யாரும் மாற்றம் என்று சொல்லப்போவதில்லை. அரம் எடுத்துக் குழலில் வைப்பது வேறு கதை.

குழலின் நீளத்தில் சட்டத்துக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்பதற்கு 13ஆம் பிரிவிலேயே விடை இருக்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ உரிமம் கேட்பவரின் வரியில்லாக் குழல் துப்பாக்கி (குழலின் உட்புறம் வழுவழுப்பானது) 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உடையதாக இருந்தால், உரிமம் வழங்க அப்பிரிவு வழிசெய்கிறது. குழலை அதற்குக் கீழே அறுத்தால் அது உடைக்குள் மறைக்கத்தக்க கருவியாகிவிடும். கையிலுள்ள உரிமத்தாளில் எழுதப்பட்ட துப்பாக்கியாகவும் அது இராது. இத்தகைய குற்றத்துக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறைத்தண்டனையும், அதனுடன் அபராதமும் விதிக்கிறது.

மெருகேற்றும்போது தேய்ந்துபோகும் அடையாள எண்ணும் சிக்கலுக்குரியதே. எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், மாறாக நிறுவப்படும்வரை அவரே அழித்தார் என்று 8ஆம் பிரிவு அனுமானிக்கும். ஓசை குறைக்கும் சைலன்சரோ, சட்டத்தின் வரையறையில் துணைக்கருவியாக அல்லாமல் சுடுகலனாகவே எண்ணப்படுகிறது.

'உரிமம்' வழக்கில் ஊன்றிவிட்டதால் அதை விலக்குவது வீண். ஆனால் துப்பாக்கி பற்றி எழுதும்போது 'வைத்திருப்பு உரிமம்', 'மாற்றியமைப்பு உரிமம்' என்று அடைமொழியோடு எழுதுவதே முறை. 'லைசென்ஸ் உள்ள துப்பாக்கி' என்னும் செய்தித்தாள் தொடர், எதற்கான லைசென்ஸ் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது.