கம்பியில் ஓடுவது எது?

இலங்கை மலையகத்து லக்சபான மின்நிலையத்தில் கரண்ட் பிறக்கிறது, கம்பிக்குள் ஓடி ஹட்டன் வீடுகளுக்கு வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. சுற்றியிருந்த லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, அந்த வெளிச்சம் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

சரி, அங்கிருந்து வருவது என்ன? இலத்திரன்கள் இல்லை. அவை நம் வீட்டுக் கம்பியிலேயே இருக்கின்றன, ஒரு கன மில்லிமீற்றர் செம்பில் ஏறத்தாழ 8.5 இலட்சம் கோடி கோடி. ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியில் 1 அம்பியர் நேரோட்டம் போனால், அவை மணிக்கு 26 சென்ரிமீற்றர்தான் நகரும். நமக்கு வருவதோ ஆடலோட்டம். செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் அசையும் இலத்திரன், மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் போவதில்லை. வழியில் உள்ள மின்மாற்றிகளில் இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதும் இல்லை. ஆனாலும் சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிகிறது!

இலத்திரன் போல மின்னேற்றம் உள்ள துணிக்கையைச் சுற்றி மின்புலம் இருக்கும். அது அசைந்தால் காந்தப்புலமும் சேரும். மின்பிறப்பாக்கி இலத்திரன்களை அசைக்கும்போது இந்தப் புலங்களின் மாற்றம் கம்பி நெடுக ஒளியின் வேகத்தை ஒட்டிப் பரவுகிறது. சக்தி பாய்வது இரண்டு புலங்களுக்கும் செங்குத்தான திசையில் என்று ஜோன் ஹென்றி பொயின்ரிங் 1884இல் காட்டினார். அந்தக் கணக்கின்படி, சக்தி பயணிப்பது கம்பியைச் சூழ்ந்த வெளியில். கம்பி அதற்கு வழிகாட்டுகிறது. கம்பிக்குள் நுழையும் சிறுபங்கு சூடாகி வீணாகும். மின்னோட்டம் பாதியானால் அந்தச் சூடு கால்வாசியாகும். அதனால்தான் மலைகளைத் தாண்டும் பெரிய கம்பிகளில் 132,000 வோல்ட் அழுத்தம் கொடுத்து, அதே சக்தியை அனுப்பத் தேவைப்படும் ஓட்டத்தைக் குறைக்கிறார்கள்.

வெளியே புலம் இருப்பதைக் காதாலேயே கேட்கலாம். பனிமூட்ட நாளில் உயரழுத்தக் கம்பிகள் 'உஸ்' என்று இரையும். கம்பியில் தொங்கும் நீர்த்துளியின் முனையில் புலம் குவிந்து, மீற்றருக்கு 30 இலட்சம் வோல்ட் அளவை எட்டினால், காற்றில் தனித்து நிற்கும் இலத்திரன் வேகம் பிடித்து மூலக்கூறில் மோதி இன்னொன்றைப் பிடுங்கும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இந்தப் பெருக்கம்தான் 'உஸ்' என்று கேட்கிறது. அந்த இரைச்சலுக்கும் சக்தி செலவாகிறது. ஆகவே அழுத்தம் இன்னும் கூடிய பாதைகளில் ஒரு கம்பிக்குப் பதிலாக இரண்டைச் சிறு இடைவெளியில் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் புலம் தணிந்துவிடும்.