கடைசி நோயாளி எந்த மாதம் சேர வேண்டும்?

போன வாரம் பல் மருத்துவ முதுகலைப் படிப்பான எம்.டி.எஸ்.ஸின் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் சினாப்சிஸோடு, அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கத்தோடு, என் அறைக்கு வந்தார். ஈறு நோய்க்கு வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்த பிறகு, ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உருவான பைக்குள் ஒரு மூலிகை ஜெல் வைத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா என்பது ஆய்வுக் கேள்வி. 160 நோயாளிகள், ஆறு மாதப் பின்தொடர்தல். படித்து முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டேன். "உன்னோட கடைசி பேஷண்ட் எந்த மாசம் சேரணும்மா?"

"தெரியலை மேடம்" என்றார். காலண்டரை எடுத்துப் பின்னாலிருந்து எண்ணினோம்.

படிப்பு 36 மாதம். இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும், ஆகவே 30ஆம் மாதம்தான் கெடு. புள்ளியியல், எழுத்து, திருத்தம், பைண்டிங் என்று மூன்று மாதம் போனால் 27. பின்தொடர்தலுக்கு ஆறு மாதம் விட்டால் 21. சினாப்சிஸ் கொடுத்து, நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கி, முதல் நோயாளியைத் தொட ஒன்பதாம் மாதம் ஆகிவிடும். மிஞ்சுவது 12 மாதம். முதலாம் ஆண்டுத் தேர்வும் அதற்குள்ளேதான் வருகிறது. 160 பேர் என்றால் மாதத்துக்குப் பதின்மூன்று பேருக்கு மேல். சர்க்கரை இல்லாத, புகைக்காத, ஆழமான பை உள்ள, மூன்று முறை வரச் சம்மதிக்கிற ஆட்கள் எங்கள் ஓபியில் மாதம் ஐந்தாறு பேர் கிடைத்தாலே அதிகம்.

அவருடைய கணக்கில் பிழை இல்லை. ஜெல் வைத்த குழுவுக்கும் வைக்காத குழுவுக்கும் இடையே பையின் ஆழத்தில் 0.5 மி.மீ. வித்தியாசம் எதிர்பார்த்தார், திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) 1 மி.மீ. அப்படியென்றால் குழுவுக்கு 64 பேர் வேண்டும், விட்டுப்போகிறவர்களுக்கு இடம் வைத்தால் 80. வித்தியாசம் 1 மி.மீ. என்று மாற்றி எழுதினால் குழுவுக்கு 17 பேர் போதும். பல பேர் அப்படித்தான் எழுதிவிடுகிறார்கள். ஜெல் அவ்வளவு வேலை செய்யும் என்று நம்ப ஆதாரம் இல்லாதபோது அப்படி எழுதுவது தவறு. எண்ணை வளைக்காமல் கேள்வியை மாற்றுங்கள். ஒரே வருகையில் முடிகிற கேள்விகள் ஏராளம் இருக்கின்றன. சர்க்கரை நோயாளிகளின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கும் ஈறு நிலைக்கும் உள்ள தொடர்பு ஓர் உதாரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரை மில்லிமீட்டரைத் தேடுகிறோம். நம் கையில் இருக்கும் ப்ரோபில், அதாவது பையின் ஆழத்தை அளக்கும் கருவியில், கோடுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒரு பல்லுக்கு ஆறு இடம், 28 பல்லுக்கு 168 அளவுகள். காலையில் ஒரு அழுத்தம், மதியம் பசியோடு வேறு அழுத்தம். சிகிச்சையால் வரும் மாற்றத்தை நம் கையின் பிழையே விழுங்கிவிடும். அதனால் ஆய்வு தொடங்குமுன் பத்துப் பேரை, அவர்கள் சம்மதத்தோடு, இரண்டு முறை அளந்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா மதிப்பைப் பாருங்கள். கூடவே, அந்த 168 அளவுகளும் 168 நோயாளிகள் ஆகிவிடா. ஒரே வாயில் இருப்பவை ஒன்றையொன்று சார்ந்தவை. தனித்தனி என்று எண்ணிக் கணக்கிட்டால் இல்லாத பலன் இருப்பதாகத் தெரியும். இதற்குத்தான் ஸ்டாட்டிஸ்டிசியனிடம் முதல் மாதமே போகச் சொல்கிறேன். எல்லா அளவுகளும் நிரப்பிய மாஸ்டர் சார்ட்டோடு 28ஆம் மாதம் போய் நின்றால் அவரால் செய்யக்கூடியது குறைவு.

எனக்கு மிகவும் கவலை தருவது மூன்றாவது வருகை. நோயாளி வருவதில்லை. அவருக்கு வலி போய்விட்டது. இரண்டு பஸ் மாறி வந்தால் ஒரு நாள் கூலி போகும். அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் நாளே பயணச் செலவுக்கு வழி செய்யுங்கள், நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே அதைக் காட்டுங்கள். வீட்டில் இன்னொருவர் போன் எண்ணையும் அனுமதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். வருகைக்கு முந்தைய மாலை நீங்களே போன் செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள். அந்தக் காலிக் கட்டத்தில் ஓர் எண்ணை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த எண் ஆய்விதழுக்குப் போகும். பல ஆய்வுகளைத் தொகுக்கும் கட்டுரைக்குள் நுழையும். முகம் தெரியாத ஊரில் ஒருவருடைய ஈறுக்குள் அந்த ஜெல் போகும். பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேட்டை முழுதாகவே எழுதித் தருகிறோம் என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பலன் இல்லை என்று முடிந்த ஆய்வேடும் முழுமையான ஆய்வேடுதான், தேர்வாளராக உட்கார்ந்தும் இதைச் சொல்வேன்.

சிகிச்சை ஆய்வு என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் ஆய்வு தொடங்கிய பிறகு பதிவதை ஏற்பதில்லை. என் மாணவர் ஒருவர் பன்னிரண்டு பேருக்குச் சிகிச்சை செய்த பிறகு இதை நினைவுகூர்ந்தார். நானும் கேட்கத் தவறியிருந்தேன். பன்னிரண்டு பேரையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம், நான்கு மாதம் போயிற்று.

அந்த மாணவி நேற்று மறுபடி வந்தார். கேள்வி மாறியிருக்கிறது, ஒரே வருகை. காலண்டரில் 24ஆம் மாதத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். ஸ்டாட்டிஸ்டிசியனிடம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார்.